ஓடைக் கரையில் குருக்கத்தி நடலாமா? இளமரங்களை நெரித்துவிடுமா?

கேள்வி: ஓடைத்தோப்பு

அனைவருக்கும் வணக்கம். ஆனைமலை அடிவாரத்தில் எங்கள் குடும்பத்துக்குத் தென்னந்தோப்பு ஒன்று இருக்கிறது. தோப்பின் மேற்கு எல்லையில் ஓடும் ஓடை தென்மேற்குப் பருவமழையில் கரை தொட்டு ஓடி, மாசி பங்குனியில் அங்கங்கே குட்டையாகத் தேங்கி, சித்திரையில் வற்றிவிடும். என் தாத்தா காலத்தில் இருகரையிலும் நீர்மருதும் புங்கமும் நாவலும் அத்தியும் நெருங்கி நின்றதாகவும், அவற்றின் மேல் வெள்ளைப் பூப் பூக்கும் பெருங்கொடி ஒன்று படர்ந்து கிடந்ததாகவும், பனிக்காலம் முடியும்போது அதன் மணம் வீட்டு வாசல் வரை வந்ததாகவும் ஊர்ப் பெரியவர்கள் சொல்கிறார்கள். அவர்கள் அதைக் குருக்கத்தி என்கிறார்கள். இன்று அங்கே இருப்பது பெரும்பாலும் உண்ணிச்செடிப் புதர்தான்.

சில ஆண்டுகளாக அந்தப் புதரைப் பகுதி பகுதியாக அகற்றி, பழைய மரங்களின் கன்றுகளையே மீண்டும் நட்டு வருகிறோம். நீர்மருதும் புங்கமும் ஆள் உயரத்தைத் தாண்டிவிட்டன. நாவல் மெதுவாகத்தான் வருகிறது. இனிக் கொடிகளையும் கொண்டுவர வேண்டும் என்பது என் விருப்பம். ஆனால் மரம் வளர்ப்பில் நீண்ட அனுபவம் உள்ள உறவினர் ஒருவர், கொடி என்பது மரத்துக்கு எமன், அதைக் கண்ட இடத்தில் வெட்ட வேண்டுமே தவிர நடக்கூடாது என்று உறுதியாகச் சொல்கிறார். அவர் சொல்வது சரியா?

இன்னொரு குழப்பமும் உண்டு. குருக்கத்தி என்று சொல்லி ஒரு நாற்றங்காலில் கொடுத்த கன்றை வீட்டு முன் பந்தலில் ஏற்றினேன். அது மாலையில் வெள்ளையாகப் பூத்து, மறுநாள் இளஞ்சிவப்பாகி, பிறகு சிவந்து தொங்குகிறது. பெரியவர்கள் இது அதுவல்ல என்கிறார்கள். உண்மையான குருக்கத்தியைப் பூக்காத காலத்திலும் அடையாளம் காண வழி உண்டா? அதன் இலையை அரைத்துச் சொறி சிரங்குக்குப் பூசும் வழக்கம் எங்கள் பக்கத்தில் இருப்பதால், அது மாடுகளுக்கும் மனிதர்களுக்கும் தீங்கற்றதா என்பதையும் அறிந்தவர்கள் சொல்லுங்கள்.

மறுமொழி: செடிகொடி_ஆசிரியை

உங்கள் பந்தலில் இருப்பது இரங்கூன் மல்லி. பூவின் நிறம் இப்படி வெள்ளையிலிருந்து சிவப்புக்கு மாறுவதும், நீண்ட மெல்லிய குழலின் நுனியில் இதழ்கள் விரிவதும் அதன் அடையாளங்கள். அழகான கொடிதான், ஆனால் அது மருதும் கடுக்காயும் சேர்ந்த குடும்பத்தைச் சேர்ந்தது. குருக்கத்தியின் குடும்பம் முற்றிலும் வேறு. மால்பிகியேசி என்று பெயர். தாவரவியலில் குருக்கத்தியை ஹிப்டேஜ் பெங்காலென்சிஸ் என்று குறிப்பிடுகிறார்கள். மாதவி என்ற பெயரும் இதற்கே உரியது. இரண்டையும் ஒரே பெயரில் விற்பது இந்தியா முழுவதும் நடக்கிறது.

பூவை ஒருமுறை கையில் வைத்துப் பார்த்தவர்களுக்கு மீண்டும் ஐயம் வராது. ஐந்து இதழ்களின் ஓரமும் நூல் பிரிந்த துணி விளிம்பைப் போலக் கிழிந்து கிழிந்து இருக்கும். நான்கு இதழ்கள் வெள்ளை, சில பூக்களில் இளஞ்சிவப்புச் சாயல். ஐந்தாவது இதழில் மட்டும் மஞ்சள் திட்டு ஒன்று உண்டு. மகரந்தத் தாள்கள் பத்து. அவற்றில் ஒன்று மட்டும் மற்றவற்றைவிட மிக நீளமாக வெளியே வளைந்து நிற்கும். இன்னும் உற்றுப் பார்த்தால், ஒரு பூவில் சூல்தண்டு இடப்புறம் சாய்ந்தும் இன்னொரு பூவில் வலப்புறம் சாய்ந்தும் இருப்பது தெரியும். இரண்டு வகைப் பூக்களும் ஒரே கொடியிலேயே பூக்கின்றன. ஒரு வகைப் பூவின் மகரந்தம் மற்ற வகையின் சூல்முடியைச் சென்று சேர இந்த அமைப்பு உதவுகிறது என்று தாவரவியலாளர்கள் கருதுகிறார்கள். அமெரிக்க வெப்பமண்டலக் காடுகளில் வாழும் இதன் உறவுச் செடிகள் பலவற்றில், பூவின் புறத்தே உள்ள சுரப்பிகள் தேனீக்களுக்கு எண்ணெயைச் சுரந்து தருகின்றன. நம் குருக்கத்தியிலோ அந்தச் சுரப்பி ஒன்றாகச் சுருங்கி, எண்ணெய்க்குப் பதிலாக இனிப்பு நீரைச் சுரக்கிறது. மாணவர்களுக்கு உருப்பெருக்கிக் கண்ணாடியில் இதைக் காட்டும்போதெல்லாம் எனக்கும் வியப்பு தீர்வதில்லை.

காயைப் பார்த்தாலும் போதும். ஒரு விதையைச் சுற்றி மூன்று இறக்கைகள் இருக்கும். நடு இறக்கை நீளமானது, பக்கத்து இரண்டும் அதைவிடக் குட்டையானவை. முற்றிக் காய்ந்ததும் காற்றில் சுழன்று சுழன்று தொலைவாகச் சென்று விழும். இரங்கூன் மல்லியின் காய் ஐந்து விளிம்புகளுடன் நீண்டிருக்கும். அதற்கு இந்த மூன்று இறக்கைகள் கிடையாது.

பூவும் காயும் இல்லாத காலத்தில்தான் கவனம் வேண்டும், ஏனெனில் இரண்டுக்கும் இலைகள் எதிரெதிரே அமைந்தவை. குருக்கத்தியின் முற்றிய இலை தடிப்பாகத் தோல்போல இருக்கும், நுனி கூர்ந்து நீளும். இளந்தளிர் இளஞ்சிவப்பாகத் தொங்கும். தளிரின் மேலும் பூங்கொத்தின் காம்பின் மேலும் பட்டுப் போன்ற மென்மயிர் படிந்திருக்கும். இரங்கூன் மல்லியின் இலை மெல்லியது. இலை உதிர்ந்த பிறகு காம்பின் அடிப்பகுதி மட்டும் தண்டிலேயே தங்கி முள்ளாக மாறிவிடும். பழைய தண்டைத் தடவிப் பாருங்கள். அப்படிப்பட்ட முள் கையில் பட்டால் அது குருக்கத்தி அன்று.

இந்தியாவிலும் இலங்கையிலும் தொடங்கித் தென்சீனம், பிலிப்பைன்ஸ் வரை இது இயற்கையாக வளர்கிறது. கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கும் மலர்களுள் ‘பைங்குருக்கத்தி’ உண்டு. பூதத்தாழ்வார் மாமல்லபுரத்தில் குருக்கத்தி மலரில் தோன்றியதாக வைணவ மரபு போற்றுகிறது. இத்தனை காலமாக நம்மோடு இருக்கும் கொடியை உங்கள் ஓடைக்கு மீட்டுத் தர நீங்கள் எண்ணுவது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தருகிறது.

மறுமொழி: கரைக்காடு

உங்கள் உறவினரின் கருத்துக்கு நீண்ட பின்னணி உண்டு. பிரிட்டிஷ் ஆட்சிக் காலம் தொட்டு நம் நாட்டு வன மேலாண்மைத் திட்டங்களில் ‘கொடி வெட்டு’ என்பது வழக்கமான பணியாக எழுதப்பட்டு வந்தது. உங்களுக்கு அருகிலேயே உள்ள டாப்ஸ்லிப் பகுதி போன்ற தேக்குக் காடுகளில், நேரான, வடுவற்ற மரம் கிடைப்பதே நோக்கமாக இருந்ததால், கொடியைப் பகையாகக் கருதியதில் வியப்பில்லை. தேக்கை அறுத்து விற்பவருக்கு அந்த அறிவுரை பொருந்தும். ஓடைக் காட்டை மீட்க முனைபவருக்கு அதை அப்படியே பொருத்த முடியாது; அதே சமயம் அதை முழுவதுமாகத் தள்ளிவிடவும் கூடாது.

கொடி மரத்துக்குக் கேடு செய்வது பெரும்பாலும் மூன்று வழிகளில்தான். தண்டை இறுகச் சுற்றி வடுவாக்கும், தலைக்கு மேல் படர்ந்து வெயிலை மறைக்கும், பாரத்தால் கிளையை முறிக்கும். இவற்றில் எது எப்போது நடக்கும் என்பது, அந்தக் கொடி எப்படி ஏறுகிறது என்பதைப் பொறுத்தது. குருக்கத்திக்குப் பற்றுக்கம்பி கிடையாது. சுவரில் ஒட்டும் வேரும் கிடையாது. இளந்தண்டு சுற்றிச் சுற்றித்தான் மேலே போகிறது. இப்படிச் சுற்றி ஏறும் கொடிகளுக்கு ஓர் எல்லை உண்டு. பிடிப்பாகக் கிடைக்கும் தண்டு மெலிதாக இருந்தால் எளிதாக ஏறும். அடிமரம் பருத்துவிட்டால் அதைச் சுற்ற முடியாமல் வழுகிவிடும். பருத்த நீர்மருதின் மேல் குருக்கத்தி படர்ந்திருப்பதைப் பார்த்தால், அது அடிமரத்தைச் சுற்றி ஏறியிருக்காது. பக்கத்துப் புதரிலோ மெல்லிய மரத்திலோ ஏறி, அங்கிருந்து தாழ்ந்த கிளையைத் தொட்டு மேலே போயிருக்கும்.

ஆகவே இன்று உங்கள் கரையில் ஆள் உயரத்தில் நிற்கும் நீர்மருதும் புங்கமும்தான், அந்தக் கொடி சுற்றுவதற்கு மிகவும் வாகான தடிமனில் இருப்பவை. இப்போது அவற்றின் அடியில் கொடியை நட்டால் உங்கள் உறவினரின் எச்சரிக்கை அப்படியே பலிக்கும். நாவல் இன்னும் பின்தங்கியிருப்பதாகச் சொல்கிறீர்கள். அதன் நிலை இன்னும் மோசமாகும். அடிமரம் இரு கைகளாலும் சேர்த்துப் பிடித்தாலும் விரல்கள் தொட்டுக்கொள்ளாத அளவுக்குப் பருக்கட்டும். தலை விரிந்து பக்கத்து மரத்தோடு கூடட்டும். அதன் பிறகு கொடியை மரங்களிடம் விடலாம்.

அதுவரை காத்திருக்க வேண்டுமா என்றால், வேண்டியதில்லை. மரக்கன்றுகளிலிருந்து விலகி, தென்னந்தோப்பின் வேலியை ஒட்டி, வெயில் படும் ஓரத்தில் மூங்கில் கழிகளால் தனிப் பந்தல் போட்டு இப்போதே நடுங்கள். ஓடைக் காடுகளில் கொடிகள் ஏன் இவ்வளவு செழிக்கின்றன என்பதற்கு முக்கியமான காரணம், ஓடையின் திறந்த வெளி வழியாகப் பக்கவாட்டில் வந்து விழும் வெளிச்சம். கோடையில் சுற்றுக்காடு இலையுதிர்த்து நிற்கும்போதும் ஓடையோர மண்ணின் அடியில் ஈரம் தங்கியிருப்பது மற்றொரு காரணம். இந்த இரண்டையும் கொடுத்தால் குருக்கத்திக்கு வேறு எதுவும் தேவையில்லை. காய் உதிர்ந்து முடிந்த வைகாசியில், பருவமழைக்கு முன்னால், நீண்டு அலையும் தண்டுகளை வெட்டிவிடுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை இதைச் செய்தால் பந்தலைத் தாண்டாது, பூவும் குறையாது.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். கரை அரிப்பைத் தடுக்கும் என்று எண்ணி இதை நட வேண்டாம். வெள்ளம் மோதும் விளிம்புக்கு ஆற்றுவஞ்சி, நொச்சி, மூங்கில், வெட்டிவேர் ஆகியவைதான் ஏற்றவை. கொடியின் பயன் மேலே இருக்கிறது. பூக்கும் காலத்தில் மலைத்தேனீயும் தச்சுத் தேனீயும் வந்து மொய்க்கும். வேகமாகத் தாவிப் பறக்கும் ஹெஸ்பெரிடே குடும்பப் பட்டாம்பூச்சிகள் சிலவற்றின் புழுக்களுக்கு இதன் இலை உணவு. மரத்துக்கு மரம் தரையில் இறங்காமல் போகும் உயிர்களுக்குக் கொடிகளே பாலம். திருவில்லிபுத்தூர், சின்னாறு ஆகிய இடங்களின் ஆற்றோரக் காடுகளில் வாழும் சாம்பல் நிற மலை அணில், மரத்தலைகள் ஒன்றோடொன்று தொட்டு நிற்கும் காட்டையே நம்பி வாழ்கிறது. தனித்தனியாக நிற்கும் மரங்கள் எத்தனை நட்டாலும் அதற்கு வீடாகாது. கொடியற்ற கரையை மரத்தோப்பு என்று சொல்லலாம். ஓடைக் காடு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

மறுமொழி: மொரீசியஸ்_தமிழர்

முந்தைய மறுமொழியை முழுமையாக ஏற்கிறேன். இருந்தாலும் நான் வாழும் பகுதியில் இதே கொடி செய்திருக்கும் கேட்டை இங்கே பதிவு செய்வது கடமை என்று நினைக்கிறேன். மொரீசியஸுக்கும் அருகிலுள்ள ரீயூனியன் தீவுக்கும் இது தோட்ட அழகுக்காகக் கொண்டுவரப்பட்ட அயல்கொடி. ரீயூனியனில் இதை ‘லியான் பாப்பியோன்’, அதாவது பட்டாம்பூச்சிக் கொடி என்கிறார்கள். அந்தத் தீவின் மேற்குப் புறத்தில் எஞ்சியிருக்கும் தாழ்நில அரைவறட்சிக் காட்டின் சிறு துண்டுகளை இது போர்த்தி மூடுகிறது. வேறெங்கும் இல்லாத மரங்கள் அந்தப் போர்வைக்கு அடியில் வெளிச்சமின்றி மடிகின்றன. உலகின் மிகக் கேடான நூறு அயல் ஆக்கிரமிப்பு இனங்கள் என்று பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் வல்லுநர் குழு வெளியிட்ட பட்டியலில் குருக்கத்தியும் இடம்பெற்றிருக்கிறது. வெட்டினால் அடியிலிருந்து மீண்டும் துளிர்ப்பதும், இறக்கை விதைகள் காற்றில் பரவுவதும் அதை ஒழிப்பதைக் கடினமாக்குகின்றன.

இணையத்தில் தேடும் ஒருவர் முதலில் இந்தச் செய்தியைத்தான் காண்பார். கண்டு அஞ்சி, நம் ஊரிலும் இதை நடக்கூடாது என்று முடிவு கட்டிவிடுவார். அது தவறான முடிவு. ஆனைமலையில் இதன் இலையைத் தின்னும் புழுக்கள் இருக்கின்றன, இதோடு போட்டியிட்டு வளர்ந்து பழகிய மரங்களும் பிற கொடிகளும் இருக்கின்றன, நீண்ட கோடையும் இருக்கிறது. இந்தத் தீவுகளின் காடுகள் இப்படிப்பட்ட கொடியோடு சேர்ந்து வளர்ந்தவை அல்ல. எனவே வெளிநாட்டில் வாழும் தமிழர்கள் யாரேனும், ஊர் நினைவாக இதன் விதையைத் தங்கள் தோட்டத்துக்கு எடுத்துச் செல்ல எண்ணினால், தயவுசெய்து அதைக் கைவிடுங்கள். புளோரிடாவிலும் ஹவாயிலும்கூட இது தோட்டத்தை விட்டு வெளியேறியிருக்கிறது.

மறுமொழி: மூலிகை_வேதியியல்

மருத்துவப் பயன்பாட்டைப் பற்றி யாரும் இன்னும் சொல்லவில்லை. தோல் நோய்களுக்கு இலையையும் பட்டையையும் மேற்பூச்சாகப் பயன்படுத்துவது நம் மரபு மருத்துவங்களில் உள்ளதுதான். ஆனால் உள்ளுக்கு உண்பது வேறு கதை. இதன் வேர்ப்பட்டையில் ஹிப்டாஜின் என்ற சேர்மம் உள்ளது. அது சிதைந்தால் 3-நைட்ரோபுரோப்பியோனிக் அமிலம் கிடைக்கிறது. இந்தக் கொடியிலிருந்து கிடைத்ததால் அந்த அமிலத்துக்கு ஹிப்டாஜெனிக் அமிலம் என்ற பெயரும் உண்டு. உயிரணுக்கள் ஆற்றலைப் பெறும் வேதிச் சுழற்சியில் ஒரு முக்கியமான நொதியை அது முடக்கிவிடுகிறது. முதலில் பாதிக்கப்படுவது மூளையின் ஆழத்தில் உள்ள, உடல் அசைவைக் கட்டுப்படுத்தும் பகுதி. வடசீனத்தில் பூஞ்சை பிடித்த கரும்பைத் தின்ற குழந்தைகள் நஞ்சேறி, சிலர் மீளாத அசைவுக் கோளாறுக்கு ஆளானதற்கும் இதே அமிலம்தான் காரணம். அங்கே அதைப் பூஞ்சை உண்டாக்கியது, பொருள் ஒன்றே.

எனவே கஷாயமாகவோ பொடியாகவோ யாரும் தாமாக உட்கொள்ள வேண்டாம். வேரைத் தோண்டி எடுப்பதை முற்றிலும் தவிருங்கள். மேற்பூச்சாக இருந்தாலும் பதிவு பெற்ற சித்த மருத்துவரைக் கேட்டுச் செய்யுங்கள். மாடுகளைப் பொறுத்தவரை, கொடியை வேலிக்கு உட்புறமாக நட்டு, மேய்ச்சல் எட்டாதபடி வைப்பதே இரு தரப்புக்கும் நல்லது. வெட்டிய தண்டையும் இலையையும் தீவனத்தோடு கலக்காதீர்கள்.

மறுமொழி: ஓடைத்தோப்பு

அனைவருக்கும் நெஞ்சார்ந்த நன்றி. பழைய தண்டைத் தடவிப் பார்த்தேன். ஆசிரியை அம்மா சொன்ன முள் கையில் பட்டது. பந்தலில் இருப்பது அப்படியே இருக்கட்டும், ஓடைக்கு அது போகாது. சுற்றி ஏறும் கொடிக்கு மெலிந்த கன்றே வாகான பிடிப்பு என்ற விளக்கத்தை உறவினரிடம் படித்துக் காட்டினேன். வேலியோரப் பந்தலுக்கு அவர் சம்மதித்துவிட்டார், மூங்கிலும் தருவதாகச் சொல்கிறார். உண்மையான குருக்கத்தியின் விதையை எங்கே பெறுவது, எப்படி முளைக்க வைப்பது என்பது மட்டும் பாக்கி. மலைக்குள் போனால் கிடைக்கும் என்கிறார்கள்.

மறுமொழி: கரைக்காடு

மலைக்குள் போய் எடுக்காதீர்கள். உங்களுக்கு மேலே இருப்பது புலிகள் காப்பகம். உரிய அனுமதி இல்லாமல் அங்கிருந்து விதையையோ தண்டையோ எடுப்பது 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். வனத்துறை அலுவலகத்துக்கு எழுத்து மூலம் விண்ணப்பியுங்கள். அத்துடன் உங்கள் வட்டாரத்துப் பழைய கோயில் நந்தவனங்களையும், காப்பகத்துக்கு வெளியே தனியார் நிலங்களில் மிஞ்சியிருக்கும் ஓடைக் கரைகளையும் தேடுங்கள். தொலைதூர ஊர்களிலிருந்து வரவழைப்பதைவிட, உங்கள் மழைக்கும் வெயிலுக்கும் பழகிய கொடியின் விதையே மேல். பூத்திருக்கும் காலத்தில், அதாவது தை முதல் பங்குனிக்குள், கொடியைப் பார்த்து உறுதி செய்துகொண்டு, உரியவரிடம் சொல்லி வைத்துவிட்டு வாருங்கள்.

காய் பச்சை மாறிப் பழுப்பாகி, இறக்கை காகிதம்போல் உலர்ந்ததும் பறியுங்கள். பறித்ததை நெடுநாள் வைத்திருக்காமல், இறக்கைகளைக் கத்தரித்து, ஓரிரவு நீரில் ஊறவைத்து, மணலும் மட்கிய எருவும் கலந்த பையில் ஆழமின்றி ஊன்றி நிழலில் வையுங்கள். விதை கிடைக்காவிட்டால் விண்பதியம் போடலாம், அதாவது தண்டைத் தாய்க்கொடியில் இருக்கும்போதே வேர்விட வைத்து, பிறகு வெட்டி எடுக்கலாம். தாய்க்கொடிக்குச் சேதம் இராது. ஒரே கொடியிலிருந்து எல்லாக் கன்றுகளையும் எடுக்காமல், வெவ்வேறு இடங்களில் உள்ள சில கொடிகளிலிருந்து எடுங்கள். முதல் கோடையில் கன்றைப் பையிலேயே பேணி, அடுத்த தென்மேற்குப் பருவமழை பிடித்ததும் பந்தலின் அடியில் நடுங்கள். அதற்குள் அந்த இடத்தைச் சுற்றியுள்ள உண்ணிச்செடியை வேரோடு எடுத்துவிடுங்கள். விட்டுவைத்தால் குருக்கத்தி முதலில் ஏறுவது அதன் மேல்தான், பிறகு இரண்டையும் பிரித்தெடுப்பது பெரும்பாடு.